மாலாடு, எள்ளுருண்டை, பால் ஐஸ்: அடுப்பு நம்மளுது, உருட்டுற வேலை அவங்களுது

லீவு விட்டாச்சுன்னா பிள்ளைங்க காலைல பத்து மணிக்கே "போரடிக்குது"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. டிவி ரிமோட்ட ஒளிச்சு வச்சா மட்டும் போதாது, கைக்கு ஏதாவது வேலை குடுக்கணும். பொம்மை கரண்டியும் ஒரு பிடி மாவும் குடுத்து ஓரமா உக்கார வச்சீங்கன்னா அஞ்சு நிமிஷம்கூட தாங்காது, அது விளையாட்டு வேலைன்னு மூணு வயசு வாண்டுக்குக்கூட தெரிஞ்சிடும். நெஜமாவே பொறுக்கணும், இடிக்கணும், உருட்டணும், அதுதான் டப்பாவுல போய் உக்காரணும், வர்ற சொந்தக்காரங்களுக்கு அதையே தட்டுல வச்சு குடுக்கணும். அப்பதான் நகராம உக்காருவாங்க.

கடலை மிட்டாய்ல ஆரம்பிக்கலாமான்னு கேப்பீங்க. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடே கெடச்சிருச்சு, ருசி எல்லாருக்கும் தெரியும், ஆனா சின்னப் பிள்ளைங்க பக்கத்துல நிக்கும்போது வேணாம். அந்த வெல்லப்பாகு கொதிக்கிற தண்ணிய விட சூடு, கைல பட்டா ஒட்டிக்கிட்டு வேற வரும். பாகு வைக்கிறது எல்லாமே அவங்க தூங்குனப்புறம். இங்க சொல்லப்போற மூணுக்கும் பாகே கிடையாது.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. அஞ்சு வயசுக்குள்ள இருக்குற பிள்ளைங்களுக்கு முழு முந்திரி, முழு நிலக்கடலை குடுக்காதீங்க, தொண்டைல சிக்கிக்கும், பொடிச்சுதான் போடணும். ஒரு வயசு ஆகாத கைக்குழந்தைக்கு "நாக்குல தடவுறேன்"னு யாராவது தேன எடுத்துட்டு வந்தா அதுவும் கூடாது. எள்ளு, முந்திரி, பால்னு எதாவது ஒத்துக்காத பிள்ளை வீட்டுக்கு விளையாட வந்திருந்தா அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு குடுங்க.

மாலாடு

சில வீட்ல மாலாடு, சில வீட்ல மாவுருண்டை, எங்க பக்கம் பொட்டுக்கடலை உருண்டைன்னே சொல்லுவோம். பேரு எதுவா இருந்தாலும் தேவையானது இவ்ளோதான்:

பொட்டுக்கடலை 1 கப்
சர்க்கரை அரை கப் (இனிப்பு தூக்கலா வேணும்னா முக்கால்)
நெய் கால் கப், கூடவே அவசரத்துக்கு இன்னும் ரெண்டு ஸ்பூன் நெய்
ஏலக்காய் 3
முந்திரி 6, பொடியா நறுக்கினது

மொதல் வேலை பொறுக்குறது. ஒரு தாம்பாளத்துல பொட்டுக்கடலைய கொட்டி, தோலு ஒட்டிக்கிட்டு இருக்கிறது, கருப்பா இருக்கிறது, சின்ன கல்லு, எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுங்க. அஞ்சு வயசு தாண்டுன பிள்ளைக்கு இது சுலபமா வரும். பாதி பொட்டுக்கடலை வாய்க்குள்ள போகும், அதனால அளக்குறத பொறுக்கி முடிச்சப்புறம் வச்சுக்கோங்க, முன்னாடியே அளந்தா கணக்கு ஒதைக்கும்.

ஏலக்காய சின்ன இடிகல்லுல போட்டு அஞ்சு ஆறு வயசு பிள்ளைகிட்ட குடுங்க. வெறும் ஏலக்காய் குதிச்சு ஓடும், கூடவே ஒரு ஸ்பூன் சர்க்கரைய போட்டுட்டா ஓடாது, சீக்கிரம் பொடியும் ஆயிடும். தோல நீங்க எடுத்துடலாம், இல்ல டீத்தூள் டப்பால போட்டு வைங்க, டீ வாசமா இருக்கும்.

அடுத்து நம்ம வேலை. கடாய்ல பொட்டுக்கடலைய போட்டு ரொம்ப கம்மி தீயில ரெண்டு நிமிஷம் சூடு பண்ணுங்க, நிறம் மாறவே கூடாது, அந்த நமத்துப்போன ஈரம் போனா போதும். நல்லா ஆறுனப்புறம் காஞ்ச மிக்ஸி ஜார்ல போட்டு நைசா அரைங்க. ஜார்ல துளி தண்ணி இருந்தாலும் மாவு கட்டி தட்டிக்கும், துணியால தொடச்சுட்டு போடுங்க. சர்க்கரைய தனியா பொடிச்சுக்கோங்க.

இப்ப சலிக்கணும், இங்க பிள்ளைங்க திரும்பி வரலாம். கீழ நியூஸ் பேப்பர் விரிச்சு, அதுமேல தாம்பாளம், அதுக்கு மேல சல்லடை. மாவு பறக்கும், மூக்குல மீசைல எல்லாம் வெள்ளையா இருக்கும், அத அப்பறம் பாத்துக்கலாம். தட்டாம லேசா ஆட்டச் சொல்லுங்க. சல்லடைல தங்குற குருணைய மறுபடி மிக்ஸில ஒரு சுத்து விட்டுக்கோங்க, தூக்கிப் போட வேணாம்.

மாவு, சர்க்கரைப் பொடி, ஏலக்காய் மூணையும் கையாலயே கலக்க விடுங்க. நீங்க நெய்ய காய வச்சு முந்திரிய பொன்னிறமா வறுத்து, அந்தச் சூட்டோடயே மாவு நடுவுல ஊத்தி கரண்டியால கிளறுங்க. இந்த நேரத்துல பிள்ளைங்க ஒரு கை தூரம் தள்ளி நிக்கணும், இதுல மட்டும் செல்லமே கிடையாது. நெய்ய ஒரேடியா ஊத்தாதீங்க. முக்காவாசி ஊத்தி கிளறிட்டு, ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்க, கைய திறந்தா உடையாம நிக்கணும், விரலால தட்டுனா உதிரணும், அதான் பதம். நிக்கலைன்னா மிச்ச நெய்ய ஊத்துங்க.

வெதுவெதுப்பா ஆனதும் சின்னக் கை வேலை ஆரம்பம். உருட்டுன்னு சொன்னா பிள்ளைங்க ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு தேய்ப்பாங்க, பொலபொலன்னு கொட்டிடும். மொதல்ல பிடிக்கணும், அப்பறம்தான் உருட்டணும். ஒரு கைல மாவ எடுத்து பிடிகொழுக்கட்டைக்கு அமுக்குற மாதிரி நல்லா இறுக்கி மூணு நாலு தடவ அமுக்கச் சொல்லுங்க, விரல் தடம் பதியும். உருண்டை வரலைன்னா அப்படியே விட்டுடுங்க, நாலு விரல் பதிஞ்ச குட்டி குட்டி பிடியா தட்டுல அடுக்கி வச்சா பாக்க ஒரு அழகுதான், எது யாரோட கைன்னு கண்டுபிடிக்கிறதே தனி விளையாட்டு. தாத்தா பாட்டிக்கு குடுக்கிறதுக்கு இதத்தான் எடுப்பேன், அவங்களுக்கு உருண்டைய விட அந்த விரல் தடம்தான் பெருசு.

பாதில மாவு ஆறிப்போய் உதிர ஆரம்பிக்கும். தனியா வச்ச நெய்ல ஒரு ஸ்பூன் சுட வச்சு ஊத்தி கலந்தா மறுபடி பிடிக்க வரும். தப்பித் தவறி பால் தெளிச்சு பிடிக்காதீங்க, ரெண்டே நாள்ல வாடை வந்துடும். நெய் ஜாஸ்தியாகி உருண்டை தட்டையா உக்காந்துச்சுன்னா ரெண்டு ஸ்பூன் மாவு சேத்துக்கலாம், இல்ல கால் மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுக்கலாம். சென்னை மே மாச வெயில்ல நெய் உறையவே உறையாது, அப்ப ஆரம்பத்துலயே கொஞ்சம் கம்மியா ஊத்துங்க.

நெல்லிக்காய் சைஸ்ல பன்னெண்டு கிட்ட வரும், உருட்டும்போதே உள்ள போறது கணக்குல சேராது. ஈரம் படாத டப்பால ஒரு வாரம் தாராளமா இருக்கும்.

எள்ளுருண்டை

இது இன்னும் சுருக்கம். நவராத்திரி சனிக்கிழமைக்கு பண்ற வீடு நிறைய இருக்கு, அப்ப மட்டும்தான் பண்ணணும்னு இல்ல. கருப்பு எள்ளு 1 கப், பொடிச்ச வெல்லம் முக்கால் கப், ஏலக்காய் ரெண்டு, அவ்ளோதான். எண்ணெய், நெய் எதுவும் வேணாம்.

எள்ளுல மண்ணு இருக்கும், தண்ணில அலசி அரிச்சு வடிகட்டி துணில காய வச்சுக்கோங்க. வெறும் கடாய்ல வறுக்கும்போது படபடன்னு வெடிக்கும், அந்தச் சத்தம் கேக்க பிள்ளைங்களுக்கு ரொம்ப பிடிக்கும், ஆனா எள்ளு தெறிக்கும், அதனால தள்ளி நின்னு கேக்கட்டும். வெடிக்கிற சத்தம் அடங்க ஆரம்பிச்சதும் எறக்கிடுங்க, கருப்பு எள்ளுல கருகுனது கண்ணுக்குத் தெரியாது, கசப்பு மட்டும் நாக்குல தெரியும்.

ஆறுனதும் மிக்ஸில விட்டு விட்டு அரைங்க, தொடர்ந்து ஓட விட்டா எண்ணெய் கக்கி கூழாயிடும். கொரகொரப்பா வந்ததும் வெல்லம், ஏலக்காய் போட்டு ரெண்டு சுத்து. இப்ப கைல எடுத்து அமுக்குனா எள்ளோட எண்ணெயும் வெல்லத்தோட பிசுக்குமே சேந்து பிடிச்சுக்கும். வெல்லம் ரொம்ப காஞ்சிருந்து பிடிக்கலைன்னா ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுக்கலாம். கை கருப்பாகும், சட்டையும் ஆகும், பழைய சட்டைய போட்டு விட்டுடுங்க.

குலுக்கி எடுக்குற பால் ஐஸ்

பிள்ளைங்க திரும்பத் திரும்ப கேக்கப்போறது இதத்தான். பானை குல்பி விக்கிறவங்க பானைக்குள்ள ஐஸோட உப்பு போட்டு வச்சிருப்பாங்கல்ல, அதே வித்தை, ஃப்ரீசர்ல வச்சு காத்துக்கிட்டு இருக்க வேணாம்.

காய்ச்சி ஆற வச்சு ஃப்ரிட்ஜ்ல குளுந்த பால் 1 கப், சர்க்கரை 2 பெரிய ஸ்பூன், பால் பவுடர் 2 ஸ்பூன், கூட பூஸ்டோ நன்னாரி சர்பத்தோ எது பிடிக்குமோ அது. எல்லாத்தையும் கரைச்சு மூடி இறுக்கமா இருக்குற சின்ன எவர்சில்வர் டப்பால பாதி அளவு ஊத்துங்க, ரொப்பாதீங்க, குலுங்க இடம் வேணும். ஜிப் கவர் இருந்தா அதுலயும் பண்ணலாம், ஆனா ரெண்டு கவர ஒண்ணுக்குள்ள ஒண்ணா போடணும்.

பெரிய பிளாஸ்டிக் டப்பால 4 கப் ஐஸ் கட்டி, முக்கால் கப் கல்லுப்பு. நடுவுல பால் டப்பாவ வச்சு, சுத்தி ஐஸ் மூட்டி, பெரிய மூடிய போட்டு, துண்டு சுத்தி குலுக்க குடுங்க. துண்டு கட்டாயம். உப்பு சேந்த ஐஸ் சாதா ஐஸ விட ரொம்ப ஜில்லுன்னு ஆகும், மைனஸ் பத்துக்கும் கீழ போகும், வெறும் கைல புடிச்சா தோலு வெந்த மாதிரி ஆயிடும்.

ஏன் உப்புன்னு கண்டிப்பா கேப்பாங்க. சர்க்கரை கரைஞ்ச பால் சைபர் டிகிரிக்கும் கீழ போனாத்தான் உறையும், உருகுற வெறும் ஐஸ் அவ்ளோ கீழ போகாது. உப்பு போட்டா ஐஸ் இன்னும் வேகமா உருகும், உருகுறதுக்குத் தேவையான சூட்ட பால்லேர்ந்து உறிஞ்சும், அதான் பால் கெட்டியாகுது. தெர்மாமீட்டர் வச்சு காட்டணும்னா ஜுரம் பாக்குறது ஆகாது, அதுல மைனஸே கிடையாது.

ஆளுக்கு ஒரு பாட்டு பாடி முடிக்கிற வரைக்கும்னு மாத்தி மாத்தி குலுக்குங்க, பத்து நிமிஷம் ஆகும். உள்ள சளப் சளப்ன்னு கேட்ட சத்தம் கொறைஞ்சு மொத்தமா நின்னுச்சுன்னா ஆயிடுச்சு. திறக்கிறதுக்கு முன்னாடி சின்ன டப்பாவ குழாய்ல ஒரு தடவ அலசி மூடிய தொடைங்க, இல்லைன்னா உப்புக்கரிக்கும். கடை ஐஸ்கிரீம் மாதிரி கல்லா இருக்காது, கொழகொழன்னு ஸ்பூன்ல எடுக்குற பதத்துல இருக்கும், உடனே சாப்ட்டாகணும். மிச்சமாகுற உப்புத்தண்ணிய கறிவேப்பிலை தொட்டில ஊத்திடாதீங்க, செடி பட்டுப்போயிடும், சிங்க்ல ஊத்திட்டு நல்லா தண்ணி விட்டுடுங்க.