'டிராபேக்' என்று எழுதும் முன்

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தயாராகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்துகிறேன். எந்த வகுப்பு வந்தாலும் 'டிராபேக்' (drawback) என்ற ஆங்கிலச் சொல் தவறான இடத்தில்தான் வந்து உட்காருகிறது. ஸ்பெல்லிங் பிழைகளை விடுங்கள், எழுத எழுதச் சரியாகிவிடும்.

கெட்டதற்கே டிராபேக் சொல்வது

நன்றாக எழுதக்கூடிய ஒரு மாணவி, குழந்தைத் தொழிலாளர் முறை பற்றிய கட்டுரையை 'சைல்ட் லேபர் ஹேஸ் மெனி டிராபேக்ஸ்' என்று தொடங்கியிருந்தார். இலக்கணத்தில் பிழையே இல்லை. ஆனால் டிராபேக் என்பது, மொத்தத்தில் நல்லதாக இருக்கிற ஒன்றில் உள்ள குறை. மின்சார ஸ்கூட்டர் நல்ல வண்டி. சார்ஜ் ஏற நேரமாகிறது என்பது அதன் டிராபேக். அப்படியானால் அந்த மாணவியின் வாக்கியம் என்ன சொல்கிறது? பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவது நல்ல ஏற்பாடுதான், அங்கங்கே சில குறைகள் இருக்கின்றன என்கிறது. அவர் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

எனக்கு எரிச்சல் மாணவர்கள் மேல் இல்லை. 'பிராப்ளம், டிராபேக், டிசட்வான்டேஜ் எல்லாம் ஒன்றுதான்' என்று அச்சடித்துக் கொடுக்கும் சொற்பட்டியல்கள் மேல்தான். ஒரே சொல் திரும்ப வந்துவிடுமோ என்ற பயத்தில் பட்டியலிலிருந்து எதையோ எடுத்துப் போடுகிறார்கள். சொல்வளத்துக்கு மதிப்பெண் உண்டு, சரி. பொருந்தாத சொல்லைப் போட்டால் அதே இடத்தில்தான் மதிப்பெண் போகும்.

'சைல்ட் லேபர் ஹார்ம்ஸ் சில்ட்ரன்' என்று எளிதாக எழுதுங்கள். இந்த விஷயம் நல்லது என்று சொல்ல உங்களுக்கே மனம் வராவிட்டால், அங்கே டிராபேக் வேண்டாம்.

செட்பேக் வேறு

கூடவே இருக்கும் குறை டிராபேக். நடுவில் வந்து தடுப்பது செட்பேக். போட்டிக்கு முந்தைய நாள் பந்துவீச்சாளருக்குக் காயம் என்றால் அது செட்பேக்.

பிரித்து எழுதுவது

டிராபேக் பெயர்ச்சொல் என்றால் ஒரே சொல். 'டிரா பேக்' (draw back) என்று பிரித்தால் பின்வாங்குவது என்ற வினை.

ஏற்றுமதி அலுவலகத்தில்

திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அங்கே 'டியூட்டி டிராபேக்' குறையல்ல, வரவு. ஏற்றுமதியாகும் பொருளில் சேர்ந்த இறக்குமதி மூலப்பொருட்களுக்குக் கட்டிய சுங்க வரி, 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி திரும்பக் கிடைக்கும். இறக்குமதி செய்த பொருளையே மறுபடி வெளிநாட்டுக்கு அனுப்பினால் 74ஆம் பிரிவு. 'டிராபேக் வந்துடுச்சா?' என்று கணக்காளர் கேட்டால், பணம் வந்ததா என்று கேட்கிறார்.