மனைக்கு அடியில் எண்ணெய்க் குழாய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியிருக்கும் இடத்துக்கும் வீட்டை ஒட்டிய இடத்துக்கும் அடியில் எண்ணெய்க் குழாய் பதிக்கக் கூடாது என்கிறது 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம். பிறகு எப்படி வாசலுக்கு அடியில் வருகிறது? குழாய் போகும்போது அது சோளக்காடு. பிற்பாடு அதே காட்டைப் பிளாட் போட்டு விற்றிருப்பார்கள். கொச்சியிலிருந்து இருகூர் வழியாகக் கரூர் போகும் குழாய், சென்னை–திருச்சி–மதுரைக் குழாய் என்று எந்தப் பாதையிலும் இது நடக்கலாம்.

பட்டா சரி, வில்லங்கம் சுத்தம், அப்புறம் என்ன என்று அட்வான்ஸ் கொடுப்பதுதான் முதல் தவறு. நிலம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும்; அதன் அடியில் குழாய் பதிப்பதற்கான பயன்பாட்டு உரிமையை மட்டும் அரசிதழ் அறிவிப்பு மூலம் அரசு எடுத்திருக்கும். பத்திரப் பதிவு நடக்காததால் வில்லங்கச் சான்றில் அது தெரியாமலே போகலாம். சர்வே எண்ணோடு விஏஓவிடமும் குழாய் நிறுவனத்திடமும் விசாரியுங்கள். விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம் அவர் அப்பா இழப்பீடாக வாங்கியது அவருக்கு மறந்திருக்கும். மறப்பதுதானே வசதி!

குழாய் போகும் வழியில் நட்டிருக்கும் அடையாளப் பலகைகளுக்கு நடுவே மனசுக்குள் நேர்கோடு போட்டுக்கொள்வது அடுத்த தவறு. குழாய் இடையில் வளைந்திருக்கலாம். ஆழம் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பதும் பதித்த நாளின் கணக்கு. மனை போட்டவர் மண்ணை வழித்து மட்டம் தட்டியிருந்தால் மிச்சம் எவ்வளவோ!

குழாய்க்காகப் பயன்பாட்டு உரிமை எடுத்த நிலப் பட்டைக்குள் கட்டடம், கிணறு, தொட்டி, மரம் எதுவும் கூடாது. ‘ஒரு தென்னங்கன்றுதானே’, ‘செப்டிக் டேங்க்தானே’ என்பதெல்லாம் செல்லாது. கட்டியதை இடிக்க மாவட்ட நீதிபதி உத்தரவிடலாம். இடிக்கும் செலவும் நம் தலையில்தான்.

இதையெல்லாம்விட மோசமானது, ஜேசிபியின் பல் குழாயை உரசியதும் மண்ணைத் தள்ளி மூடிவிடுவது. எண்ணெய் வரவில்லையே, தப்பித்தோம் என்று நினைப்பார்கள். அமெரிக்காவின் பெல்லிங்ஹாம் நகரில் 1994இல் குடிநீர் நிலைய வேலையின்போது 16 அங்குல பெட்ரோல் குழாயில் இப்படித்தான் அடிபட்டது. அது வெடித்தது 1999 ஜூன் 10 அன்று. இடையிலிருந்த ஐந்து ஆண்டுகளும் குழாய் வழக்கம்போல ஓடியது. அன்று உள்ளே அழுத்தம் எகிறியதும் அடிபட்ட இடமே கிழிந்தது. சுமார் 9 லட்சம் லிட்டர் பெட்ரோல் ஓடைகளில் இறங்கித் தீப்பிடித்தது. இரண்டு சிறுவர்களும் ஓர் இளைஞரும் இறந்தார்கள். அதனால் மேல்பூச்சு லேசாகச் சிராய்த்திருந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். தோண்டும் முன்பே கூப்பிட்டால் அவர்களே வந்து குழாய் போகும் இடத்தைக் குறித்துக் கொடுப்பார்கள்.

வாடை வந்தால் மட்டும் கசிவு என்று நினைக்காதீர்கள். நெடுந்தூரக் குழாயில் போகும் இயற்கை எரிவாயுவுக்கு வாடை இல்லாமலும் இருக்கும். ஒரே இடத்தில் புல் கருகுவது, தேங்கிய நீரில் எண்ணெய்ப் படலம், ‘உஸ்’ என்ற சத்தம், எல்லாமே அறிகுறிகள். சென்னை தண்டையார்பேட்டையில் 2013இல் குழாய்க் கசிவு வெளிப்பட்டது போர்வெல் தண்ணீரில்.

சந்தேகம் வந்தால் மோட்டாரைப் போடுவது, லைட்டை அணைத்துப் பார்ப்பது, பைக்கை ஸ்டார்ட் செய்வது எதுவும் வேண்டாம். சுவிட்சின் சின்னப் பொறியே போதும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக நடந்து, நன்றாக விலகிப் போன பிறகு பலகையில் உள்ள எண்ணுக்கும் 112க்கும் போன் செய்யுங்கள். பலகை நம் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பக்கத்துக் காட்டில் இருக்கலாம். எண்ணை இப்போதே போனில் ஏற்றிவிடுங்கள்.