இரண்டு மாடி, இரண்டு ஆக்சஸ் பாயிண்ட்: பவரைக் குறைத்துப் பாருங்கள்

எங்கள் வீடு திருச்சியில், கீழும் மேலுமாக இரண்டு தளம். நெட் கீழே கூடத்துக்கு வருகிறது. நடுவில் கான்கிரீட் தளம் இருப்பதால் அப்பாவின் மாடி அறைக்குச் சிக்னல் சரியாக ஏறாது. ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (ரவுட்டரிலிருந்து கேபிளில் நெட் வாங்கி வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வாங்கி, மாடிப்படி ஓரமாகக் கேபிள் இழுத்து, அவர் அறை வாசலில் மாட்டினேன். அதற்குப் பிறகும் டாக்டரோடு வீடியோவில் பேசும்போது படம் உறைந்து நின்றது. போனை வாங்கிப் பார்த்தால், தலைக்கு மேல் புதுப் பெட்டி இருக்க, கீழே இருக்கும் ரவுட்டரையே ஒரு கோடு சிக்னலில் பிடித்துக்கொண்டிருந்தது.

இதைச் சரிசெய்ய லேப்டாப்பைக் கேபிளில் இணைத்துக்கொண்டு உட்காருங்கள். வைஃபையில் இருந்தபடி மாற்றினால் ஒவ்வொரு முறையும் இணைப்பு அறுந்துபோகும். பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழையும் முகவரி பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். எதையும் தொடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். புதுப் பெட்டி ஆக்சஸ் பாயிண்ட் மோடில் இருக்கிறதா, அதில் டிஎச்சிபி (ஒவ்வொரு சாதனத்துக்கும் நெட்வொர்க் முகவரி கொடுக்கும் வசதி) அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வேலைக்கு ரவுட்டர் ஒன்றே போதும்.

இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு வகை வையுங்கள். அப்போதுதான் போன் இரண்டையும் ஒரே நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டன் அல்லது பின் எண்ணால் இணைக்கும் வசதி) வேண்டாம், அணைத்துவிடுங்கள்.

அடுத்தது சானல், அதாவது பெட்டி பேசும் அலைவரிசை. வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பட்டைகள் இந்தப் பெட்டிகளில் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 1 முதல் 13 வரை உண்டு. ஆனால் சானலுக்குச் சானல் 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒவ்வொன்றும் அடைப்பதோ சுமார் 20. அதனால்தான் ஒன்றையொன்று இடிக்காமல் 1, 6, 11 என்ற மூன்றை எடுத்துக்கொள்கிறோம். கீழே 1, மேலே 11 வைத்தேன். அகலம் 20-ஐத் தாண்ட வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸில் கீழே 36, மேலே 149, அகலம் 80. நடுவே 52 முதல் 144 வரை ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் சானல்கள். ரேடார் தென்பட்டால் பெட்டி உடனே அந்தச் சானலை விட்டு விலகியாக வேண்டும். டாக்டரோடு பேசும் நேரத்தில் அது நடக்கக் கூடாது என்று அவற்றைத் தவிர்த்தேன்.

இனி முக்கியமான இடம், டிரான்ஸ்மிட் பவர், அதாவது பெட்டி சிக்னலை எவ்வளவு பலமாக அனுப்புகிறது என்பது. எந்தப் பெட்டியோடு சேர்வது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது. கீழ்ப் பெட்டியின் குரல் காதில் விழும்வரை பல போன்கள் அதை விடாது. பெட்டி உரக்கப் பேசும். சின்ன பேட்டரி வைத்திருக்கும் போனால் அத்தனை உரக்கப் பதில் சொல்ல முடியாது. பவரைக் கூட்டினால் போனில் கோடு கூடும், பேச்சு தெளியாது. அதனால் இரண்டு பெட்டியிலும் 2.4-ஐ ‘லோ’வுக்கும் 5-ஐ ‘மீடிய’த்துக்கும் இறக்கினேன். அப்புறம் வைஃபை அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, அப்பாவின் கட்டிலருகே மேல்பெட்டியின் சிக்னலை அளந்தேன்: மைனஸ் 58 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்கப் பலம் கூடும்). மைனஸ் 67 வரை இருந்தாலே வீடியோ பேச்சு தாங்கும். உங்கள் வீட்டில் மைனஸ் 70-ஐவிடப் பலவீனமாகப் போனால் பவரை ஒரு படி ஏற்றுங்கள்.

செட்டிங்ஸில் 802.11கே, 802.11வி என்ற இரண்டும் இருந்தால் போட்டுவிடுங்கள். எந்தப் பெட்டிக்கு மாறலாம் என்று போனுக்குச் சொல்லிக்கொடுப்பவை அவை. 802.11ஆர் (பெட்டி மாறுவதை வேகமாக்கும் வசதி) மட்டும் வேண்டாம். சில பழைய சாதனங்கள் அதோடு இணைய மறுக்கும். பீக்கன் 100, ஆர்டிஎஸ் 2347 போன்ற மற்ற எண்களை இருப்பது போலவே விடுங்கள். வீட்டில் அவற்றைத் தொடத் தேவையே வராது.

கடைசியாக நடந்து பாருங்கள். அப்பா கூடத்தில் அக்காவோடு வீடியோவில் பேச ஆரம்பித்து மெல்லப் படியேறினார். நான் பின்னாலேயே போனேன். படி திரும்பும் இடத்தில் படம் ஒரு கணம் மங்கித் தெளிந்தது. அவர் பேச்சை நிறுத்தாமல் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.