பழைய காரின் இன்ஜினைக் கழுவிப் பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

எங்கள் வீட்டு பிரீமியர் பத்மினி காரின் சிலிண்டர் ஹெட், அதாவது இன்ஜினின் மேல் மூடி, பட்டறையிலிருந்து திரும்பி வந்தபோது சுட்ட கத்திரிக்காய்த் தோல் மாதிரி கறுத்திருந்தது. கொடுத்தபோது எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் வெள்ளி நிறம் தெரிந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கட் உட்காரும் முகத்தில் விரல் நகத்தை ஓட்டினேன். அம்மை வடு மாதிரி குழி குழியாகத் தட்டுப்பட்டது. காஸ்டிக் சோடா என்ற கடுங்காரம் கரைத்த டிரம்மில் ஒரு ராத்திரி முழுக்க ஊறப் போட்டிருக்கிறார்கள்.

அவர்கள் வேலை தெரியாதவர்கள் அல்ல. காலமெல்லாம் அம்பாசடர் பார்த்த கைகள். பழைய பெட்ரோல் அம்பாசடரில் இருந்தது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 1489 சிசி இன்ஜின். அதில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக், அதன் மேல் உட்காரும் ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. காஸ்டிக்கில் போட்டால் முப்பது வருஷப் பிசுக்கும் பழைய பெயின்டும் கழன்று, இரும்பு இரும்பாக வெளியே வரும். பத்மினியில் இருப்பது ஃபியட் 1100 வழி வந்த 1089 சிசி இன்ஜின். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிடும். தின்னும்போது குமிழ் குமிழாகக் கிளம்புவது ஹைட்ரஜன் வாயு, பக்கத்தில் பீடி பற்றவைத்தால் பற்றிக்கொள்ளும். அந்த ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோய் முகத்தைச் சீவித்தான் மறுபடி மாட்ட முடிந்தது. சீவச் சீவ ஹெட்டின் கனம் குறையும், கம்ப்ரஷன் கூடும். ஒரு ஹெட்டை எத்தனை தடவை சீவலாம் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. எங்கள் ஹெட்டின் ஆயுளில் ஒரு பங்கை அந்த ஒரு ராத்திரி எடுத்துக்கொண்டது.

பிறகு பாளையங்கோட்டையில் வயதான மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றைக் கையில் தந்தார். “ஏ தம்பி, மொதல்ல இத வச்சுப் பாரு. ஒட்டுச்சுன்னா இரும்பு, காரந் தாங்கும். ஒட்டலன்னா மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுந்தான். வேற ஒண்ணும் காட்டப்புடாது, கேட்டியா?”

அன்று முதல் என் முதல் கருவி அந்தக் காந்தம்தான். கழற்றிய ஒவ்வொரு பாகத்திலும் வைத்துப் பார்த்து இரண்டு தட்டுகளில் பிரித்துவிடுவேன். கார்பரேட்டர் உடலில் ஒட்டாது. அது பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு, காரத்துக்கும் ஆகாது, ஆசிட்டுக்கும் ஆகாது. அதற்குள் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள ஜெட் பித்தளை. அதற்குள் கம்பியைவிட்டுக் குத்தினால் துளை பெரிதாகி பெட்ரோல் குடிக்க ஆரம்பிக்கும், ஊதித்தான் எடுக்க வேண்டும். ஹெட்டின் மேல் மூடியிருக்கும் டேப்பெட் கவர், ஏர் கிளீனர் பெட்டி, ஃபேன் இதெல்லாம் தகடு. காந்தம் பாய்ந்து ஒட்டும்.

கழுவும்போது நடப்பவை

பெட்ரோலில் கழுவுவதை இன்னும் பல இடங்களில் பார்க்கிறேன். அழுக்கு சீக்கிரம் போகும், உண்மைதான். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்துபோய் பத்தடி தள்ளியிருக்கும் வெல்டிங் பொறியிலோ சுவிட்சிலோ பற்றித் திரும்பி வரும். மண்ணெண்ணெய் அதைவிடப் பாதுகாப்பு என்றாலும், அதன் ஆவி பற்றும் வெப்பநிலை 35 டிகிரிக்குச் சற்று மேலேதான் தொடங்குகிறது. நம் ஊரில் அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40-ஐத் தொடுகிறது. சித்திரை மத்தியானத்தில் தகரக் கூரைக்கு அடியில் மண்ணெண்ணெய்த் தட்டை வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். காலை வெயில் ஏறுமுன் திறந்த வெளியில் கழுவி முடித்துவிடுங்கள்.

மண்ணெண்ணெயோடு நிறுத்திவிடுவது அடுத்த தவறு. துடைத்த பிறகும் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் அடித்த பெயின்ட் ஆறு மாதத்தில் வெங்காயச் சருகு மாதிரி உரியும். சோப்புத்தூள் கரைத்த சுடுதண்ணீரில் தேய்த்துக் கழுவி, பாகத்தின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, திரும்பக் கழுவ வேண்டியதுதான்.

துருவுக்கு பாத்ரூம் ஆசிட் (ஹைட்ரோகுளோரிக் ஆசிட்) ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். துரு நுரைத்துக்கொண்டு போய்விடும்தான். ஆனால் வார்ப்பிரும்பின் நுண்துளைக்குள் இறங்கிய குளோரைடு அங்கேயே தங்கி, பெயின்டுக்கு அடியில் புதுத் துருவை வளர்க்கும். பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி பெயின்ட் கடைகளிலேயே கிடைக்கிறது. அதுவும் காந்தம் ஒட்டிய இரும்புப் பாகங்களுக்கு மட்டும், அதற்குப் பிறகும் நன்றாக அலச வேண்டும்.

மணல் அடித்துச் சுத்தம் செய்வதைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. பிராக்கெட், ஃபேன் மாதிரி உள்ளே எண்ணெய் ஓடாத பாகங்களோடு அதை நிறுத்திக்கொள்ள வேண்டும். பிளாக், ஹெட் பக்கமே போகக் கூடாது. எண்ணெய் ஓடும் துளைகளில் ஒளிந்த மணல், வண்டி ஓடத் தொடங்கிய பிறகு பேரிங்கில் வந்து இறங்கும். டேப்பெட் கவரில் பலர் ஏமாறுகிறார்கள். வெறும் தகடுதானே என்று மணலடிக்கக் கொடுப்பார்கள். சில கவர்களில் இன்ஜினின் உள்காற்று வெளியேறும் மூச்சுக்குழாய்க்கு அடியில் எண்ணெய் தெறிக்காமலிருக்க உள்பக்கம் ஒரு தடுப்புத் தகடு ஒட்டியிருக்கும். அதன் பின்னால் புகுந்த மணல் எத்தனை கழுவினாலும் வராது. இன்ஜின் சூடாகி அதிரும்போது ஒவ்வொரு சிட்டிகையாக, வால்வுகளை அமுக்கும் ராக்கரின் மேல் உதிரும். கவரைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பாருங்கள், சரசரவென்று கேட்டால் அதை மாட்டாதீர்கள். மணலடிக்கிற ஆளின் நுரையீரலுக்கும் அந்தத் தூசி கேடு. சரியான முகக்கவசம் இல்லாத இடத்தில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அலுமினிய முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டைக் கிரைண்டரில் இரும்புக் கம்பி பிரஷ் மாட்டித் தேய்ப்பதும் வேண்டாம். மூங்கில் சீவலைக் கூராக்கிச் சுரண்டினாலே வந்துவிடும். பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள், காய்ந்த தூளைக் கம்ப்ரஸரால் ஊதாதீர்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீரில் முங்கிய வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியே பிரஷர் வாஷ் அடித்துப் பளபளவென்று பெயின்ட் போட்டு ஓட்டிவிட்டு, சூடேறுகிறது என்று பிறகு அலைந்தவர்கள் உண்டு. வண்டல் இருப்பது தண்ணீர் ஓடும் உள் அறைகளில். பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாக அடித்திருக்கும் தகட்டு மூடிகளைக் கழற்றி, உள்ளிருந்து சேறு வருவது நிற்கும்வரை அலசிய பிறகுதான் பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டும்.

இன்ஜின் நம்பர்

பிளாக்கில் குத்தியிருக்கும் நம்பரின் மேல் கிரைண்டரும் உப்புத்தாளும் போகவே கூடாது. 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது ஆய்வாளர் பார்ப்பவற்றில் அந்த எண்ணும் ஒன்று. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யாத கார்களை விண்டேஜ் என்று பதிவு செய்துகொள்ள மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்திருக்கிறது. அதற்கும் அந்த எண் தெளிவாக இருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணின் அச்சை எடுத்துக்கொள்ளுங்கள், போட்டோவும் எடுங்கள். கழுவும்போது அந்த இடத்துக்குத் துணியும் பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். பெயின்ட் அடிக்கையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கடைசியில் ஒரே ஒரு மெல்லிய கோட் மட்டும் கொடுங்கள்.

பழைய நிறம் எது என்று பலரும் இணையத்தில் தேடுகிறார்கள். உங்கள் இன்ஜினிலேயே அது இருக்கலாம். டைனமோ பிராக்கெட்டைக் கழற்றுங்கள். அது அழுத்தியிருந்த இடத்தில் வெயிலும் எண்ணெயும் படாத பெயின்ட் கட்டைவிரல் அகலத்துக்காவது மிச்சமிருக்கும். அதைச் சுரண்டும் முன்பு கடைக்காரரிடம் காட்டி நிறம் கலக்கச் சொல்லுங்கள்.

பெயின்ட் அடிக்கும்போது

கழுவிக் காய்ந்த வார்ப்பிரும்பை மறுநாள்வரை வெறுமனே வைத்திருந்தால் செம்மஞ்சள் பூத்துவிடும். உவரி, திருச்செந்தூர்ப் பக்கம் உப்புக்காற்றில் ஒரு ராத்திரிகூடத் தாங்காது. கழுவிய அன்றே பிரைமர் போட முடியாது என்றால் அன்று கழுவாதீர்கள். கடைசியாகத் தின்னர் தொட்ட துணியால் துடைத்த பிறகு வெறும் கை படக் கூடாது. விரல் ரேகை பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில் திறந்த வெளியில் ஸ்ப்ரே செய்தால், ஈரப் பெயின்டில் மண் பதிந்து உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். ஐப்பசி கார்த்திகையில் வேறு தொல்லை. தின்னர் ஆவியாகிக் குளிரும்போது காற்றின் ஈரம் பரப்பில் படிந்து பெயின்ட் பால் பூத்த மாதிரி வெளுக்கும். தை முதல் பங்குனி வரை, காலை பனி விலகிய பிறகு அடியுங்கள்.

பிளாக்கில் ஓடும் தண்ணீர் 80, 90 டிகிரிதான். நல்ல இன்ஜின் எனாமல் அதைத் தாங்கும். சைலன்சர் தொடங்கும் மேனிஃபோல்டு அப்படியில்லை, பல நூறு டிகிரிக்குப் போகும். அதன் மேல் ரெட் ஆக்சைடு பிரைமரும் சாதா எனாமலும் போட்டவர்களுக்கு முதல் நாள் புகை, இரண்டாம் நாள் பொரிப்பொரியாக உதிர்வு. 600 டிகிரி தாங்கும் சிலிகான் வகைப் பெயின்டை, பிரைமர் இல்லாமல், சுத்தமான இரும்பின் மேல் மெல்லிசாக அடிக்க வேண்டும். ரேடியேட்டருக்குப் பிரஷ்ஷால் கனமாக எனாமல் பூசாதீர்கள். செதில்களுக்கு இடையே பெயின்ட் அடைத்துக்கொண்டால் காற்று போகாது.

பெயின்ட் படக் கூடாத இடங்களும் இருக்கின்றன. கேஸ்கட் முகம், போல்ட் தலையும் வாஷரும் உட்காரும் இடம், ஸ்பார்க் பிளக் அமரும் வளையம். வாஷருக்கு அடியில் மாட்டிய பெயின்ட் சூட்டில் நசுங்கும், முறுக்கிய நட்டு தளரும், எண்ணெய் கசியும். பாடியிலிருந்து இன்ஜினுக்கு வரும் எர்த் பட்டை அமரும் இடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதில் பெயின்ட் இருந்தால் ஸ்டார்ட்டர் முனகும், புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் தீராது. அங்கே உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, மாட்டிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும்.

மாட்டி முடித்ததும் பாபநாசம் மலைக்கு ஓட்டிக்கொண்டு போகத் தோன்றும். பொறுங்கள். மேனிஃபோல்டு பெயின்ட் சூட்டில்தான் இறுகும். பத்து நிமிஷம் ஐடிலில் ஓட்டி நிறுத்தி, கை வைக்கும் அளவுக்கு ஆற விடுங்கள். பிறகு இருபது நிமிஷம், திரும்ப ஆற விடுங்கள். அப்புறம் அரை மணி நேரம். லேசாகப் புகை வரும், பயப்பட வேண்டாம். முழுக்க ஆறிய பிறகு மறுநாள் காலையில் ஹெட் நட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் வரிசைப்படி ஒருமுறை பாருங்கள்.