‘சார்ஜ்’ என்ற சொல்லைப் பிடிப்பது எப்படி? புதிதாகக் கற்பவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். போன மாதம் ஒரு மாணவி இன்டர்வியூ முடிந்து முகம் வாடி வந்தாள். ஒரு துணிக்கடையில் இரண்டு வருடம் பில்லிங் கவுன்டரையே தனியாகப் பார்த்துக்கொண்டவள் அவள். அதைச் சொல்ல நினைத்து, “ஐ வாஸ் சார்ஜ்டு இன் எ ஷாப்” என்று சொல்லியிருக்கிறாள். எதிரே இருந்தவர் சிரித்திருக்கிறார். ஏன் சிரித்தார் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அந்த வாக்கியத்தைக் கேட்பவருக்கு, கடையில் வைத்து அவள்மேல் வழக்குப் போட்டார்கள் என்றுதான் தோன்றும். அவள் சொல்லவேண்டியது “ஐ வாஸ் இன் சார்ஜ்”. முன்னால் நிற்கவேண்டிய ‘இன்’ பின்னால் போய்விட்டது, ‘சார்ஜ்’ என்பது ‘சார்ஜ்டு’ ஆகிவிட்டது, அவ்வளவுதான். இதை ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்டால் யாருக்கும் அந்த நிலை வராது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: ‘சுமை’ என்று மனதில் எழுதிக்கொள்ளுங்கள்

அகராதியைத் திறந்தால் சார்ஜுக்குப் பத்துப் பதினைந்து அர்த்தம் இருக்கும். மனப்பாடம் செய்யாதீர்கள். லத்தீனில் வண்டிக்கு ‘கர்ருஸ்’ என்று பெயர். வண்டியில் சுமை ஏற்றுவதைக் குறிக்க அதிலிருந்து ஒரு சொல் பிறந்தது. அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து சார்ஜ் ஆனது. நம் துறைமுகத்தில் நாள் முழுக்கக் காதில் விழும் ‘கார்கோ’வும் அதே குடும்பம்தான்.

காசிமேட்டில் விடியற்காலையில் ஏலம் முடிந்ததும் பாருங்கள். ஐஸ் போட்ட மீன் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மீன்பாடி வண்டியில் ஏற்றுவார்கள். டயர் அமுங்கும், ஐஸ் தண்ணீர் பலகை வழியாகச் சொட்டும். ‘சார்ஜ்’ என்று கேட்டால் அந்தக் காட்சி நினைவுக்கு வரட்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி: இங்கே யார்மேல், எந்தச் சுமை ஏறுகிறது?

இரண்டாம் படி: பணச் சுமை

“ஹவ் மச் டூ யூ சார்ஜ் ஃபார் எ பிளவுஸ்?” டெய்லரிடம் தையல் கூலி எவ்வளவு என்று கேட்கிறோம். “ஹி சார்ஜ்டு மீ ட்வென்டி ருபீஸ் ஃபார் தி பாஸ்கெட்.” ஷேர் ஆட்டோவில் கூடைக்குத் தனியாக இருபது ரூபாய் வாங்கிவிட்டார். ஆளுக்குப் பிறகு தொகை, அதற்குப் பிறகு ‘ஃபார்’. வரிசை இதுதான்.

இங்கே நாம் எல்லோருமே தவறும் இடம் ஒன்று உண்டு. தமிழில் ‘பஸ் சார்ஜ்’ என்கிறோம். இங்கிலீஷில் அது ‘பஸ் ஃபேர்’. பயணத்துக்கு ஃபேர், கடைப் பொருளுக்கு பிரைஸ், ஒருவர் செய்து தரும் வேலைக்கு சார்ஜ். காசு வாங்காமல் செய்தால் ‘ஃப்ரீ ஆஃப் சார்ஜ்’.

மூன்றாம் படி: பொறுப்புச் சுமை

வேலை தேடுபவர்கள் இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். மணலி, திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை செய்பவர்களுக்கு ‘ஷிஃப்ட் இன்சார்ஜ்’ என்ற பேச்சு பழகியதுதான். வாக்கியமாகச் சொல்லும்போது இப்படி வரும்: “ஐ ஆம் இன் சார்ஜ் ஆஃப் தி நைட் ஷிஃப்ட்.” முன்னால் ‘இன்’, பின்னால் ‘ஆஃப்’. இந்த அர்த்தத்தில் ‘சார்ஜ்டு’ என்று கடைசியில் ‘டு’ ஒலி சேரவே கூடாது.

புதிதாகப் பொறுப்பு ஏற்றால் “ஐ டுக் சார்ஜ் ஆஃப் தி ஸ்டோர்”. இதே இடத்தில் ஒரு சின்ன ‘தி’ ஆளையே மாற்றிவிடும். “ஷி இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி சைல்டு” என்றால் குழந்தையை அவள் பார்த்துக்கொள்கிறாள். “தி சைல்டு இஸ் இன் தி சார்ஜ் ஆஃப் எ நர்ஸ்” என்றால் குழந்தை நர்ஸின் பொறுப்பில் இருக்கிறது. சத்தமாக நான்கு தடவை சொல்லிப் பாருங்கள், காது தானாகப் பிடித்துக்கொள்ளும்.

நான்காம் படி: பழிச் சுமை

போலீஸ் ஒருவர்மேல் குற்றத்தை ஏற்றினால் “ஹி வாஸ் சார்ஜ்டு வித் தெஃப்ட்”. இங்கே ‘வித்’ வரும். குற்றப்பத்திரிகையைச் ‘சார்ஜ் ஷீட்’ என்பது இதனால்தான். சார்ஜ் ஆனாலே குற்றவாளி என்று அர்த்தமில்லை. பழி ஏறியிருக்கிறது, தீர்ப்பு இன்னும் வரவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. நம் ஏரியாப் பையன்கள் பற்றிய செய்தியைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

ஐந்தாம் படி: மின்சாரம்

பேட்டரிக்குள் ஏறும் சுமை. ‘சார்ஜ் போடு’ என்பதை அப்படியே ‘புட் சார்ஜ்’ என்று சொல்லாதீர்கள். “சார்ஜ் யுவர் ஃபோன்” போதும். சார்ஜ் தீர்ந்துவிட்டால் “மை பேட்டரி இஸ் டெட்”.

அப்புறம் ‘லத்தி சார்ஜ்’. அது தடியடி. ஒரு கூட்டத்தின்மேல் பாய்ந்து போவது என்ற அர்த்தம் இதில் இருக்கிறது. மாடு முட்ட வந்தாலும் “தி புல் சார்ஜ்டு அட் மீ” என்பார்கள். சுமையோடு இதை இழுத்துக் கட்டவேண்டாம், தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு நோட்டை எடுங்கள். நீங்கள் பார்த்த வேலையிலிருந்து ஒன்று, போன வாரம் கொடுத்த ஒரு கூலி, உங்கள் ஃபோன், இந்த மூன்றையும் வைத்து மூன்று வாக்கியம் எழுதுங்கள். எழுதியதும், சார்ஜுக்கு அடுத்து ‘ஃபார்’ வந்ததா, ‘ஆஃப்’ வந்ததா, ‘வித்’ வந்ததா என்று வட்டம் போட்டுப் பாருங்கள். அந்த மாணவியின் நோட்டில் முதல் வரி இப்படி இருக்கிறது: “ஐ வாஸ் இன் சார்ஜ் ஆஃப் தி பில்லிங் கவுன்டர் ஃபார் டூ இயர்ஸ்.”