பழைய ஜிப்ஸி வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1985 இறுதியில் விற்பனைக்கு வந்த, ஜீப் போன்ற நான்கு சக்கர இயக்க வண்டியான மாருதி ஜிப்ஸியில் முதலில் 970 சிசி இன்ஜினும், 1996-இல் வந்த கிங் வகையில் 1.3 லிட்டர் இன்ஜினும் இருந்தன. மலைப்பாதைக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன்.

பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காமல், வண்டியை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, சேஸியின் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) நீளச் சட்டங்களையும் லீஃப் ஸ்பிரிங் பொருந்தும் தாங்கிகளையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென ஒலித்தால் இரும்பு உறுதியாக இருக்கிறது. மந்தமாக ஒலித்தாலோ, புதிதாகத் தார் பூசப்பட்டிருந்தாலோ, உள்ளே துரு அரித்திருக்கலாம். இன்ஜினை மாற்றிவிடலாம், ஆனால் அரித்த சேஸியை முழுமையாக மீட்பது அரிது என்பதால், இந்த ஒரு சோதனையில் அவசரம் வேண்டவே வேண்டாம்.

நான்கு சக்கர இயக்கத்தை மண்ணிலோ சரளையிலோதான் சோதிக்க வேண்டும். முன், பின் அச்சுகளை இணைக்கும் இவ்வமைப்பில் நடுவே டிஃபரன்ஷியல் (இரு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் பற்சக்கர அமைப்பு) இல்லாததால், காய்ந்த தார்ச்சாலையில் வளைந்து திரும்பினால் பற்சக்கரங்கள் முறுக்கேறித் தேயும். நான்கு சக்கர இயக்கத்தின் குறைந்த கியர் நிலையில் ஏற்றத்தில் ஏறி, ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது அதற்கான லீவர் தானாக விடுபட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இரு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். முன்சக்கரங்களின் உட்புறத்தில் கிரீஸ் கசிந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் தகுதிச் சோதனையுடன் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆகவே ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழ்) பதிவு எதுவரை செல்லும் என்று பார்த்து, அதிலுள்ள சேஸி, இன்ஜின் எண்களை வண்டியிலுள்ளவற்றோடு ஒப்பிட்ட பின்னரே முன்பணம் கொடுங்கள்.