செய்மதி எப்போது விழும்? சூரியத் தகடுகளைக் கணக்கில் சேர்க்கும் முறை

உயரம் இழந்துவரும் செய்மதியின் ஆயுளைத் தீர்மானிப்பது பரப்பளவு ÷ திணிவு. சூரியத் தகடுகள் திணிவில் கொஞ்சம், வளி இழுவையில் நிறைய. அவற்றை விட்டுவிட்டால் கணக்கே பிழையாகிவிடும்.

படி 1. அளவுகளை எடுங்கள். நம் மாதிரி: 10×10×30 சென்ரிமீற்றர் உடல், விரிந்த இரு தகடுகள் (ஒவ்வொன்றும் 10×30), 4 கிலோகிராம்.

படி 2. சராசரிப் பரப்பளவு. பலர் சறுக்குவது இங்கேதான். தகட்டின் முழுப் பரப்பை அப்படியே போடாதீர்கள். உருளும் செய்மதி எல்லாப் பக்கத்தையும் மாறி மாறிக் காட்டும். உடலுக்கு மொத்த மேற்பரப்பில் காற்பங்கு: 0.14 ÷ 4 = 0.035 சதுர மீற்றர். மெல்லிய தகட்டுக்கு ஒரு முகத்தின் பாதி, இரண்டுக்கும் 0.03. கூட்டினால் 0.065. ஒன்றையொன்று மறைப்பதால் உண்மையில் இன்னும் சற்றுக் குறையும். தகடு விரியாமலே போயிருந்தால், (மேல்வளியின் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கும்) சூரியச் செயற்பாடு மாறாதவரை, அதே செய்மதி ஏறத்தாழ 1.9 மடங்கு காலம் மேலே நிற்கும்.

உருளாமல், சிறிய முனை முன்னே பார்த்தபடி பறந்தால் கதை வேறு: தகடு விளிம்பைக் காட்டினால் 0.01, முகத்தைக் காட்டினால் 0.07. ஏழு மடங்கு! சர்வதேச விண்வெளி நிலையம் இழுவையைக் குறைக்க, பூமியின் நிழலில் செல்கையில் தகடுகளை விளிம்பாகத் திருப்பியது இதற்காகத்தான்.

படி 3. சரிபாருங்கள். இழுவைக் குணகம் 2.2, பி-ஸ்டார் அலகுக்கு மாற்றும் மாறிலி 12.74 என்று கொண்டால்: 2.2 × (0.065 ÷ 4) ÷ 12.74 = 0.0028. இதை டி.எல்.இ (செய்மதியின் சுற்றுப்பாதையைச் சொல்லும் ஈரெண்வரித் தரவு) முதல் வரியின் 54–61 நிரல்களிலுள்ள பி-ஸ்டார் என்ற இழுவை எண்ணுடன் ஒப்பிடுங்கள். வளி அடர்த்தி மாதிரியின் பிழைகளும் அந்த எண்ணுக்குள் புகுந்துவிடும். ஒற்றைப் பெறுமானத்தை நம்பாமல் இரண்டு வாரத் தொடரைப் பாருங்கள். தொடர்ந்து மிகக் குறைவென்றால், தகடு விரியவில்லையா என்று சந்தேகியுங்கள்.

படி 4. இந்த எண்களை நாசாவின் ஜிமேற் (GMAT) என்ற சுற்றுப்பாதைக் கணிப்பு மென்பொருளில் ஓட்டுங்கள். தொடக்கக்காரருக்கு அதுவே போதும். ஒரெக்கிற் (Orekit) என்ற ஜாவா நிரலகத்துக்கு நிரலாக்கம் தெரிய வேண்டும்.

படி 5. தகடுகள் பொதுவாக 90–95 கிலோமீற்றர் உயரத்தில் பிய்ந்துபோகும். அப்போது மிஞ்சுவது சில நிமிடங்களே, பரப்பளவை மாற்றிப்போட வேண்டாம். விழும்வரை இருப்பதாகக் கணித்த நேரத்தில் 20 வீதத்தைப் பிழையெல்லையாக வையுங்கள்: ஒரு நாள் இருந்தால் முன்பின் 5 மணிநேரம், அதாவது மூன்று சுற்றுக்கு மேல். ஆகவே "திருகோணமலையில் விழும்" என்று முதல்நாளே பரவும் செய்தியைத் தள்ளிவிடலாம்.

பின்சேர்க்கை: உருள்கிறதா என்று அறிய, பெரிய செய்மதியென்றால் கண்ணாலேயே பார்க்கலாம். சீரான இடைவெளியில் பளிச்சிட்டால் உருள்கிறது. மாலையில் திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளிக் கரையில் காத்திருக்காதீர்கள். பூமியின் நிழல் முதலில் விழுவது கிழக்கே, கடல் பக்கம்; நிழலுக்குள் போன செய்மதி கண்ணுக்குத் தெரியாது. விடியலுக்கு முந்திய ஒரு மணிநேரத்துக்குள் போங்கள்.